பின்சுழலும் எதிர்க்காற்றும்

பந்தாட்டத்தைப் பற்றிப் பண்டிதன் எழுதுவதா என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் எம் மாணாக்கர் பலர், கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் தோன்றிய கோல்ப் கழகங்களைக் கண்டவரல்லர். கைப்பேசித் திரையே அவர்க்குப் புற்றரை. அங்கே காற்று எதிர்த்து வீசும்போது பந்துக்குப் 'பேக்ஸ்பின்' கொடுத்தால் அது காற்றை வென்று செல்லும் என்று அவருட் சிலர் உறுதியாக நம்புகின்றனர். யான் அதனை மறுக்கின்றேன்.

பந்து முன்னே பறக்க, அதன் மேற்புறம் பின்னோக்கிச் சுழல்வதே பேக்ஸ்பின். பின்சுழல் என்போம். அவ்வாறு சுழலும் பந்து தன்னைச் சூழ்ந்தோடும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும்; காற்றோ பந்தை மேலே தூக்கும். சுழலும் பொருள்மீது காற்றுண்டாக்கும் இவ்விசையைச் செருமானிய அறிஞர் மக்னசு 1852இல் ஆராய்ந்தார். பின்னர், எடின்பரோப் பேராசிரியர் தெயிற் என்பார் நீண்ட நாடாவின் ஒரு நுனியைக் கோல்ப் பந்திலும் மறு நுனியை நிலத்திலும் பிணைத்து, பந்தைக் களிமண் திட்டில் அடிப்பித்து, நாடாவில் விழுந்த முறுக்குகளைக் கொண்டு சுழற்சியைக் கணித்தார். எத்துணை எளிய சோதனை! எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

எதிர்க்காற்றிற் பந்தைச் சாரும் காற்றின் வேகம் மிகுகின்றது, தூக்குவிசையும் மிகுகின்றது. பந்து காற்றை வெல்வதில்லை. உயர எழுந்து, தளர்ந்து, செங்குத்தாய் வீழ்கின்றது. ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே சுழலைக் குறைக்குமாறு மெல்ல அடிப்பர். பின்காற்றிலோ பந்து சாய்வாக இறங்கி நெடுந்தூரம் உருளும். அதனை நிறுத்தப் பின்சுழல் பெரிதும் வேண்டும். ஆனால் அங்கேதான் அதன் தூக்குவலி குன்றும். திரையாட்டங்கள் யாவும் இயற்கையை ஒருங்கே பின்பற்றுவனவல்ல. சிலவற்றிற் பின்சுழல் நிலந்தொட்ட பின்னரே தொழிற்படும். அதனை ஆராய்ந்து காண்பதும் மாணாக்கர்க்கு நற்பயிற்சியே.

ஆங்கிலச் சொல்லை உச்சரித்த அளவில் பொருளும் கைவந்ததென்று கருதுவதே எனக்குக் கவலை. கச்சான், வாடை, சோளகம் எனக் காற்றைப் பெயர் பிரித்தறிந்து வீச்சுவலை எறிவோரின் பிள்ளைகள் இவர்கள். காற்றைப் பற்றிச் சிந்திக்க இவர்க்குத் தமிழ் போதாதா? எம் கீழைக்கரையிலே, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். நரம்பின் அதிர்வையும் சுருதிக் கணக்கையும் தமிழிலேயே ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். பந்தின் சுழற்சி அதனினும் அரிய பொருளன்று.

கைப்பேசியைப் பறித்துவிடுக என்பார் ஆசிரிய நண்பர் சிலர். பறித்தபின் எதைக் கொடுப்பர் என்பதை அவர் கூறுவதில்லை. அடுத்த தவணைக் கட்டுரைப் பாடத்துக்கு இதனையே தலைப்பாகக் கொடுக்க எண்ணியுள்ளேன். 'பேக்ஸ்பின்' என்று எழுதுவோர்க்குப் புள்ளி குறையேன். காரணம் எழுதாதார்க்கே குறைப்பேன்.