வாங்குபவர் கேட்கும் வார்த்தை எது?

இட்லிப் பொடி, வடகம், சத்துமாவு என்று வீட்டிலேயே செய்து விற்கும் சகோதரிகள் பலர் இப்போது சொந்தமாக வலைத்தளமும் வைத்திருக்கிறார்கள். "தளம் போட்டு ஆறு மாசமாச்சு, ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையே!" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பண்டம் நன்றாகத்தான் இருக்கும். தளத்தில் எழுதியிருக்கும் வார்த்தைகளில் குறை இருக்கலாம்.

கூகுளில் தேடுகிறவர் ஏதோ சில சொற்களைத் தட்டுகிறார். அதற்குப் பொருத்தமான பக்கங்களைக் கூகுள் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. தேடுகிறவர் தட்டும் அந்தச் சொற்களைத்தான் 'கீவேர்ட்' என்கிறார்கள். ஏதோ பெரிய படிப்பு என்று பயப்பட வேண்டாம். நமக்குக் கைவந்த வேலைதான்!

என் நாத்தனார் மகள் தன் சத்துமாவுக்கு 'பாட்டியின் பொக்கிஷம்' என்று பெயர் வைத்து, பக்கம் முழுக்க அதையே எழுதியிருந்தாள். "பேர் நல்லாயிருக்கா அத்தை?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கடையில போய் யாராவது 'பொக்கிஷம் கால் கிலோ கொடுங்க'ன்னு கேட்பாங்களா?" என்றேன். பெயர் இருக்கட்டும், பக்கத்தில் 'சத்துமாவு' என்ற சொல்லும் இருக்க வேண்டும் அல்லவா?

சரி, சொற்களை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாங்க வருகிறவர்கள் வாயில் வரும் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். ஒருவர் சத்துமாவு என்பார், இன்னொருவர் கஞ்சி மாவு என்பார், மற்றொருவர் ஹெல்த் மிக்ஸ் என்பார். அடுத்து, கூகுளில் 'சத்துமாவு' என்று மட்டும் தட்டி நிறுத்துங்கள். கீழே வரிசையாக வரும் வரிகள், மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதைக் காட்டும். 'கூகுள் டிரெண்ட்ஸ்' என்ற இலவச வசதியில் இரண்டு சொற்களை ஒப்பிட்டும் பார்க்கலாம்.

'சத்துமாவு' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய கம்பெனிகளோடு போட்டி போட வேண்டியிருக்கும். 'முளைகட்டிய ராகி சத்துமாவு' என்று தேடுகிறவர்கள் குறைவுதான். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவர்கள் அவர்கள். நம் பண்டத்துக்கு அது பொருந்தினால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லைப் பக்கத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் எழுதுங்கள். ஏதாவது ஓர் உட்தலைப்பிலும், படத்துக்கான விளக்கத்திலும் வந்தால் போதும். சமையலுக்கு உப்பு மாதிரி, அளவு முக்கியம். வரிக்கு வரி திணிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பதும் கூகுளின் விதிகளுக்கு விரோதம். பக்கம் பின்னுக்குப் போகும். அடியோடு காணாமலும் போகலாம். பக்கத்தின் பின்னணியில் கீவேர்ட் பட்டியல் எழுதித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை என்று கூகுளே 2009-ல் சொல்லிவிட்டது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். நிறையப் பேர் தேடுகிறார்கள் என்பதற்காக 'சர்க்கரை நோய் குணமாக' என்று எழுத ஆசை வரும். வேண்டவே வேண்டாம்! உணவுப் பண்டம் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய 2018-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரப்படுத்துவதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதேபோல், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவு என்று விளம்பரம் செய்வதையும் 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 'ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு' என்று எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ராத்திரி வேளையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் போனில் தேடுகிற இளம் தாயை நினைத்துப் பாருங்கள். நம் வார்த்தையை நம்பி, டாக்டரிடம் போவதை அவள் ஒரு நாள் தள்ளிப் போட்டால்கூட அந்தப் பாவம் நமக்குத்தானே? மாவில் என்னென்ன தானியம், எப்படி வறுத்தது, எத்தனை நாள் கெடாது, வேர்க்கடலை சேர்ந்திருக்கிறதா... இதையெல்லாம் உள்ளபடி எழுதுங்கள். வாங்குகிறவர்கள் தேடுகிற சொற்கள் இவற்றிலேயே இயல்பாக வந்துவிடும்.

பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில், எந்தச் சொல்லைத் தேடியவர்கள் நம் தளத்துக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். மாதம் ஒருமுறை மளிகைக் கணக்குப் பார்க்கும்போது, இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.