கல்லைக் கண்டோம், கதையைக் கேட்டோமா?

மாநாட்டுக்கு என்றோ, மருத்துவமனைக்கு என்றோ, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு என்றோ சென்னைக்கு வரும் நம் தோழர்கள், ஒரு பொழுது மிச்சம் கிடைத்தால் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. சென்ட்ரல் நிலையத்தில் இறங்குகிறார்கள். பக்கத்திலே வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகையை அண்ணாந்து பார்க்கிறார்கள். தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலை, அப்பால் கோட்டை, உயர்நீதிமன்றம், கடைசியாகக் கடற்கரை. சுண்டல் வாங்கித் தின்று, காலை நனைத்து, படம் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறுகிறார்கள். இதைத் தவறென்று சொல்ல வரவில்லை நாம். பார்க்கட்டும், பிள்ளைகளுக்கும் காட்டட்டும். ஆனால், பார்த்தது எதை, தெரிந்துகொண்டது எதை என்பதே நமது கேள்வி!

மன்றோவின் குதிரைக்குச் சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்ற சேதி சின்னப் பையனுக்கும் தெரியும். 1839இல் நிறுத்திய சிலை பற்றிய அந்தச் சேதி இத்தனை ஆண்டுகளாக வாய்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால், அதே சாலையில் நடந்து போகும் ஓர் ஆலைத் தொழிலாளியை நிறுத்தி, "அய்யா, உம்முடைய எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது? உம்முடைய வார விடுமுறை எந்த ஆண்டில் பிறந்தது? உம்முடைய சங்கத்தின் கையைக் கட்டிப்போட எந்தக் கட்டடத்தில் வழக்கு நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். குற்றம் அவருடையதன்று, அவருக்குச் சொல்லாமல் விட்ட நம்முடையது. எனவே இன்று அவரை நாமே அழைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவோம்.

ரிப்பன் மாளிகையிலிருந்து தொடங்குவோம். திறக்கப்பட்டது 1913இல். 1880 முதல் 1884 வரை வைசிராயாக இருந்த ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கியது. நகராட்சிகளுக்குத் தன்னாட்சி தந்தவர் என்று அவரைப் புகழ்வார்கள், புகழட்டும். தொழிலாளி அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் அவர் காலத்தில், 1881இல் வந்தது. என்ன சொன்னது அந்தச் சட்டம்? ஏழு வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் சேர்க்காதே என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையிடம் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்றது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி நேர வேலை! அது அன்றைக்குச் சீர்திருத்தம்! குழந்தையின் தகப்பன் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பது பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பத்து ஆண்டு கழித்து 1891இல் திருத்தினார்கள். பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு கட்டினார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதும் அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமையில் மனைவி மக்களோடு கடற்கரைக்குப் போகிறோமே, அந்த ஞாயிறு பஞ்சாங்கத்திலிருந்து வந்ததா? இல்லை, தோழர்களே! அது வானத்திலிருந்து விழவில்லை. ஆலைக்குள்ளிருந்து கேட்டுப் பெற்றது.

ஆண்களுக்கு? 1911இல்தான் நெசவாலைகளில் 12 மணி நேரம் என்று முதன்முதலாக வரம்பு வந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி. 1934இல் 54 மணி. நாடு விடுதலை பெற்ற பின், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணிக்கு மேல் கூடாது என்று நின்றது. 1881 முதல் 1948 வரை எண்ணிப் பாருங்கள்: அறுபத்தேழு ஆண்டுகள்! பாட்டன் கேட்டது பேரனுக்குக் கிடைத்தது.

இனி உயர்நீதிமன்றத்துக்கு வருவோம். 1892இல் எழுந்த சிவப்புக் கட்டடம். கோபுரங்களைக் கண்டு வியக்காதவர் இல்லை. பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். இரண்டே ஆண்டுகளில் ஆலை முதலாளிகள் இந்த நீதிமன்றப் படியேறினார்கள். வேலையை நிறுத்தும்படி தொழிலாளரைத் தூண்டக் கூடாது என்று வாடியா உள்ளிட்ட தலைவர்கள் மீது தடையாணை வாங்கினார்கள். கூலியை உயர்த்து என்று தொழிலாளி கேட்டால் ஒப்பந்தத்தை மீறுகிறான். கேள் என்று தலைவன் சொன்னால் சதி செய்கிறான்! இதுதான் அன்றைய நியாயம். அந்தத் தடையாணை நாடெங்கும் கிளப்பிய கொதிப்பு, சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலாக டில்லிச் சட்டசபை வரை போயிற்று. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று நம் சங்கத்துக்கு ஒரு பதிவு எண் இருக்கிறதென்றால், அதன் வேர் இந்தச் சிவப்புக் கட்டடத்து வழக்கில் இருக்கிறது.

அப்படியே திரும்பி எதிரே பாருங்கள். 1923 மே முதல் நாள், உயர்நீதிமன்றத்தின் எதிரே இருந்த கடற்கரையில், சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். அதே நாளில் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் ஒரு கூட்டம். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது இங்கேதான். உள்ளே வழக்காடி வாயைக் கட்டப் பார்த்தார்கள். வெளியே மணலில் நின்று வாய் திறந்தார் ஒரு தமிழர். இதைச் சொல்லாமல் சென்னையைச் சுற்றிக் காட்டுவது, சமைத்தவனை மறைத்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் காட்டுவதாகாதா?

மெரினாவுக்குப் போனால் உழைப்பாளர் சிலை. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959 ஜனவரி 25இல் திறந்தது. மன்னன் இல்லை, தளபதி இல்லை, குதிரையும் இல்லை. பெயரற்ற நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அந்தச் சிலையின் அடியில் நிழற்படம் எடுக்காத குடும்பம் உண்டா? ஆனால், "அப்பா, இவங்க யாரு?" என்று பிள்ளை கேட்டால், "நான்தான்" என்று சொல்லத் தெரிந்த அப்பா எத்தனை பேர்?

கடைசியாகச் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா. முன்னாளில் நேப்பியர் பூங்கா என்பார்கள். இந்த இடத்தில் நடந்தது பழங்கதையன்று, நேற்றைய செய்தி. 2023 ஏப்ரல் 21இல், ஆலைகளில் நாள் வேலையை 12 மணி வரை நீட்டிக்க வழி திறக்கும் திருத்த மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள், கொடி வேற்றுமை பாராமல் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், இந்தப் பூங்காவில் நின்று, மசோதா திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். 1911இல் நம் பாட்டனுக்கு விதித்த பன்னிரண்டு, 2023இல் மறுபடி வாசல் வரை வந்து திரும்பிற்று. திரும்பிப் போனது வராது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சுற்றி வந்து மறுபடி ரிப்பன் மாளிகை வாசலில் நிற்கிறோம். 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் இங்கே இரவு பகலாக உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நடைபாதையை விட்டு அகலச் சொல்லி உயர்நீதிமன்ற ஆணை வந்தது; நள்ளிரவில் காவலர் அப்புறப்படுத்தினர். சங்கம் கண்ட திரு.வி.க.வின் பெயரை மண்டலத்துக்கு வைத்தோம். அந்த மண்டலத்தைப் பெருக்கும் கைகளுக்கு நிரந்தரமான வேலை ஒன்றை வைத்தோமா? பெயர் சூட்டுவது எளிது. பெயருக்குரியவர் கேட்டதைக் கொடுப்பதே கடினம்.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. ஊர்க்கிளைத் தோழர்கள் பட்டணத்துக்கு வரும்போது, விவரம் தெரிந்த சங்கத்து மூத்தவர் ஒருவர் உடன் நடந்து, இந்த ஆண்டுகளையும் இந்த இடங்களையும் சொல்லிக் காட்ட வேண்டும். காசு செலவில்லை, அரை நாள் போதும். இரண்டாவது, மாநகராட்சியும் அரசும் இந்த இடங்களைப் பற்றிப் பலகை வைக்கும்போது, கட்டிய ஆண்டையும் பிரபுவின் பெயரையும் எழுதுவதோடு நிற்காமல், அங்கே தொழிலாளி கேட்டது என்ன, பெற்றது என்ன என்பதையும் தமிழில் எழுத வேண்டும். கண்ணாடி வீட்டில் வைத்துக் காக்க அவை அரும்பொருள்கள் அல்ல. நாளைக்கே தேவைப்படும் படைக்கலங்கள்.

கடற்கரையில் அந்த நால்வரும் இன்னும் நெம்பிக்கொண்டுதான் நிற்கிறார்கள். பாறை இன்னும் முழுதாக நகரவில்லை. அடுத்த முறை அங்கே போகும்போது, தோழர்களே, முதுகைக் காட்டிப் படம் எடுப்பதற்கு முன் ஒரு கணம் முகத்தைக் காட்டி நில்லுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி, 1881இல் தொடங்குங்கள்.