நோய் கண்ட மாட்டுக்கே மருந்து: கொள்கைப் பிரகடனம்

மாடு வளர்ப்போர், கோழிப் பண்ணையாளர், கால்நடை மருத்துவர், கால்நடை ஆய்வாளர், மருந்துக்கடைக்காரர் எனக் கொங்குப் பகுதியில் ஒன்றுகூடிய நாங்கள் தொடங்கும் இயக்கத்தின் கொள்கை இது. இயக்கத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. பெயரைப் பற்றிய வாக்குவாதத்தில் ஒரு மாலைப்பொழுது போனதுதான் மிச்சம். கொள்கையில் அவ்வளவு சண்டை இல்லாததால் அதை முதலில் வெளியிடுகிறோம்.

நாங்கள் ஆன்டிபயாடிக்குக்கு எதிரிகள் அல்ல. தொண்டை அடைப்பான் வந்த எருமைக்கு நேரத்தில் ஊசி போடாவிட்டால் விடிவதற்குள் அது செத்துவிடும். அப்படிப்பட்ட நாளில் மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாட்களில் அதைத் தொடாதீர்கள் என்கிறோம்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. கோமாரி, மூன்று நாள் காய்ச்சல், தோல் கழலை, ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் எல்லாமே வைரஸ் நோய்கள். ஆனாலும் "எதுக்கும் ஒரு ஊசி போட்டு வையுங்க டாக்டர்" என்று வளர்ப்பவர் கேட்கிறார். போடாமல் போனால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார் என்று மருத்துவரும் போடுகிறார். புண்ணில் பாக்டீரியா சேர்ந்துகொண்டால் மருந்து தேவைதான், அதை யாரும் மறுக்கவில்லை. சேரும் முன்பே போடுவது நோய்க்கான சிகிச்சை அல்ல. இருவருடைய பயத்துக்கும் செய்யும் சிகிச்சை. இன்னொரு பக்கம், ஐந்து நாள் போட வேண்டிய மருந்தை மாடு தீவனம் எடுத்த மறுநாளே நிறுத்துகிறோம். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமிதான் பெருகும்.

தப்பிய கிருமி தன் தொழுவத்தோடு நிற்பதில்லை. 2015 இறுதியில் சீன ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கோலிஸ்டின் என்ற மருந்தை எதிர்த்து நிற்கும் மரபணு ஒன்று பன்றிகளிலும், கடையில் விற்ற இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிலும் கிடைத்திருந்தது. ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இன பாக்டீரியாவுக்கும் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்னும் வளையத்தில் அது இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெந்த மருந்தும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுப்பது கோலிஸ்டின். நம் கோழிகளுக்கு அதைத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் அதைத் தடை செய்தது. தடை நல்லது. ஆனால் ஒரு மருந்தைத் தடுத்தால் அதே பழக்கம் அடுத்த மருந்துக்கு மாறிக்கொள்ளும் என்பதையும் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள்.

நம்மிடம் பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்படுவதற்குள் நாட்டில் பாறுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மாட்டுக்குப் போட்ட மருந்து மாட்டோடு முடியவில்லை.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயத்துக்கு வருகிறோம்: பால்.

மருந்து போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். அந்த மருந்துக்கென்று தனியாக நாள் குறிக்கப்படாவிட்டால், கடைசி ஊசிக்குப் பிறகு பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012 முதல் மத்திய அரசின் மருந்து விதிகளில் இருக்கிறது. காய்ச்சினால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான மருந்துகள் காய்ச்சினாலும் பாலில் தங்கும். மடியில் மருந்து ஏற்றிய மாட்டின் பாலுக்கு உறை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில வேளை தயிரே உறையாது. உறைமோரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் மருந்து கொன்றிருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் பால் ஏன் சொசைட்டிக்குப் போகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு. ஊசி போடும் 3 நாள், அதன்பின் 7 நாள், ஆக 100 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 3,500 ரூபாய். மருந்துச் செலவு, மருத்துவர் செலவு தனி. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் அம்மாவிடம் போய் "கீழே ஊற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவது எளிது. அவர் ஊற்ற மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாருடைய நலத்துக்கும் வைத்த விதியின் நட்டத்தை ஏழை ஒருவர் மட்டுமே சுமக்கும்வரை, அந்த விதி அச்சிட்ட காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: மருந்து போட்டதாக முன்வந்து சொல்பவரின் பாலைக் கூட்டுறவு சங்கம் தனிக் கேனில் வாங்கி அழிக்க வேண்டும், இழப்பில் ஒரு பங்கைச் சங்கமும் அரசும் ஏற்க வேண்டும். மாடு செத்தால் பணம் தரும் காப்பீடு, மாடு பிழைக்கும்போது ஒதுக்கும் பாலுக்கும் தரட்டும். உண்மையைச் சொன்னால் நட்டம், மறைத்தால் லாபம் என்ற நிலை மாறாமல் எத்தனை விழிப்புணர்வு முகாம் நடத்தினாலும் பயன் இல்லை.

கோழியின் கதை வேறு. கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனமே கொடுக்கிறது. மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கொட்டுகிறவருக்கே தெரியாது. ஒவ்வொரு மூட்டையிலும் கலந்த மருந்தின் பெயரும் அளவும் தமிழில் இருக்க வேண்டும். எடை கூடுவதற்காக ஆன்டிபயாடிக் கலப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் தொழில் படுத்துவிடும் என்பார்கள். ஸ்வீடனில் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகளின் சங்கமே மருந்தைக் குறைக்க வேண்டும் என்று முன்வந்தது. 1986இல் எடைக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. முதலில் பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகள் கழிந்தன. கொட்டகையையும் தீவனத்தையும் பால் மறக்கடிக்கும் வயதையும் மாற்றிச் சமாளித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது 2006இல்.

அரசைக் கேட்பதற்கு முன் எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்கிறோம். எங்களில் உள்ள மருத்துவர்கள் மாட்டைப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் எழுத மாட்டார்கள்; செஃப்ட்ரியாக்சோன், என்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றை முதல் மருந்தாக எடுக்க மாட்டார்கள்; மடிநோய்க்கு முடிந்தவரை ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதற்கு ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முடிவும் மாடு குணமாவதற்கு முன் வர வேண்டும். இது அரசின் வேலை. எங்களில் உள்ள கடைக்காரர்கள் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பாரே என்று கேட்டார்கள். கொடுப்பார். அவரையும் இயக்கத்துக்குள் கொண்டுவர வேண்டியதுதான்.

மாடு வளர்ப்போர், மருந்தே தேவைப்படாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கிறார்கள். தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. கட்டை விரலை மடக்கிக் கறக்காமல் முழுக்கையால் கறக்க வேண்டும். கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்தால், காம்புத் துளை மூடும்வரை சாணமும் சேறும் படாது. மடி வீங்கத் தொடங்கும்போதே சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுதும் கறந்துவிட்டு நாளுக்குப் பலமுறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையம் வகுத்தது. தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பிவருகிறது. தொடக்க நிலையில் இதையே முதலில் செய்வோம். ஆனால் மூலிகை என்றதும் எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. காய்ச்சல் அடித்து, தீவனம் நிறுத்திய மாட்டுக்குக் கற்றாழையை நம்பி உட்காராமல் கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள்.

உறுப்பினராகச் சந்தா கிடையாது. ஒரே நிபந்தனை, தொழுவத்தில் ஒரு நோட்டு தொங்க வேண்டும்: மாட்டின் காதுவில்லை எண், நோய், மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி போட்ட தேதி, மறுபடி பால் ஊற்றத் தொடங்கிய தேதி. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.