கடைக்காரருக்கு ஒரு மகஜர்

ஒரு சமூகம் தன் குறையை யாரிடம் சென்று முறையிடுகிறது என்பதைக் கொண்டே, அச்சமூகத்தில் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். மன்னராட்சியில் மக்கள் அரண்மனை வாயிலில் நின்றனர். தோட்டத்தில் எம் முன்னோர் துரையின் பங்களா வாசலில் நின்றனர். இன்று ஊவா மலைச்சரிவின் ஊர்மக்கள் பேரங்காடி முகாமையாளரின் மேசைக்கு முன்னே நிற்கின்றனர். ஊர் வீதியில் பார லொறி ஓடுகிறது, வீதியின் ஓரம் உடைகிறது, வடிகால் தூர்ந்துபோகிறது, விடியுமுன்னரே கைக்குழந்தை திடுக்கிட்டு அழுகிறது என்றெல்லாம் எழுதி, தங்கள் மேலான கருணையை நாடி நிற்கிறோம் என்று முடித்து, ஊரார் கையொப்பமிட்ட கடிதம் எங்கே போகிறது? பிரதேச சபைக்கன்று; கடைக்கு.

முறைப்பாட்டில் நியாயம் இல்லை என்று நாம் கூறவில்லை. ஹல்துமுல்லையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் ஏ-4 பெருவீதி எமது ஊரைக் கடந்து பெரகலையை அடைகிறது. அங்கே ஒரு கிளை ஹப்புத்தளைக்கு ஏற, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இப்பெருவீதி லொறிகளைத் தாங்கும். ஆனால் அதிலிருந்து பிரிந்து மலைமடிப்புக்குள் செல்லும் சிறு வீதிகளோ மாட்டுவண்டிக்கும் ஜீப்புக்குமாக வெட்டப்பட்டவை. ஒருபுறம் கல்மதில், மறுபுறம் பள்ளம். எதிரே ஒரு முச்சக்கரவண்டி வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும். நகரத்துப் பேரங்காடிக்குப் பொதிசெய்த சரக்குகளை ஏற்றிவரும் லொறிகளும், பொரலந்தை, வெலிமடைப் பகுதிகளின் போஞ்சியையும் கிழங்கையும் ஏற்றிச் செல்லும் லொறிகளும் நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு இத்தகைய வீதிகளில் நுழைந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் பெருவீதியில் மண் சரிந்துவிட்டாலோ, கேட்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கருகே பரிசோதனை வீதிகளை அமைத்து, அவற்றின்மீது லொறிகளை இரவுபகலாக ஓட்டிப் பொறியியலாளர் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். வண்டியின் ஓர் அச்சு தாங்கும் பாரம் இருமடங்கானால், வீதிக்கு விளையும் சேதம் இருமடங்காவதில்லை. ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது. பாரம் பத்து மடங்கானால் சேதம் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. நாலாம் அடுக்கு என்பதை எமது பத்தாந்தர மாணவன் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவான். அச்சொன்றுக்கு ஒரு தொன் பாரமுள்ள சிறிய வாகனங்கள் ஆயிரக்கணக்கில் சென்றால் உண்டாகும் தேய்மானத்தைப் பத்துத் தொன் அச்சுப் பாரம் ஒரே தடவையில் உண்டாக்கிவிடுகிறது என்றால், அந்த வீதியைத் திருத்தும் செலவு யார் கணக்கில் எழுதப்படவேண்டும்? இன்று அது எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. பேரங்காடியின் விலைச்சீட்டில் பெற்றோல், சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எங்கள் வீதி மட்டும் சேர்ந்திருப்பதில்லை. மலிவு விலை என்று விளம்பரப்படுத்தப்படும் அந்த மலிவில் ஒரு பங்கு, ஹல்துமுல்லையின் உடைந்த வடிகாலிலிருந்து எடுக்கப்பட்டது.

சிலர் இதற்கு மறுப்புரைப்பர். அபிவிருத்தி வேண்டுமென்றால் லொறிச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பர். லொறியை வெறுப்பவர் இங்கே எவரும் இலர். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் டீசல் இன்றி லொறிகள் நின்றுபோனபோது, மலைநாட்டு வீதிகளில் நிலவிய அமைதியை எவரும் கொண்டாடவில்லை. மரக்கறி தோட்டத்திலேயே அழுகியது. கடைத் தட்டுகள் வெறுமையாயின. லொறி வேண்டும். எந்த அளவு லொறி, எந்த வீதியில், எந்த வேளையில், யார் செலவில் என்பதே வினா. இவ்வினாவை எழுப்புவோரை அபிவிருத்தியின் எதிரிகள் என்று பட்டங்கட்டுவது, விடை சொல்ல விரும்பாதவர்களின் பழைய உபாயம்.

பலசரக்குக் கடைக்கும் எமது மலைகளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதென்னைத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கச் செல்லும் உல்லாசப் பயணிகளுக்கு, அதனை 1890இல் எழுப்பிய தோமஸ் லிப்டன் பெரிய தோட்டத்துரை என்று மட்டுமே சொல்லப்படுகிறது. அவர் அடிப்படையில் ஒரு கடைக்காரர். 1871இல் கிளாஸ்கோ நகரில் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்து, பின்னர் பிரித்தானியா எங்கும் கடைகளைப் பெருக்கியவர். இன்றைய பேரங்காடிச் சங்கிலிகளுக்கு ஒரு முன்னோடி. இடைத்தரகரை விலக்கித் தேயிலையை மலிவாக விற்கவேண்டும் என்பதற்காகவே இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவருடைய விளம்பரத்தின் சாரம். அந்த 'நேரே' என்ற சொல்லுக்குள் எத்தனை முதுகுகள், எத்தனை செங்குத்தான பாதைகள், எத்தனை கூடைகள் மறைந்து கிடந்தன என்பதை அவ்விளம்பரம் சொல்லவில்லை. இன்றைய பேரங்காடியும் விவசாயியிடமிருந்து நேரே என்றுதான் சொல்கிறது. இடையில் ஒரு வீதி இருக்கிறது என்பதை அதுவும் சொல்வதில்லை.

இந்நாட்டில் வீதிகள் எப்படித் தோன்றின என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும். 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் ஊதியமின்றி உழைக்கவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என்றது. கோப்பித் துரைமாரின் வண்டிகள் துறைமுகத்துக்கு உருள வேண்டியிருந்த காலம் அது. அவ்வாண்டில் கண்டிப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். மக்கள் உழைப்பில் வீதி, வியாபாரிக்கு வண்டி என்ற பங்கீடு அன்றே எழுதப்பட்டுவிட்டது. இன்று மாறியிருப்பது வண்டியின் நீளமும் பாரமுமே.

அப்படியானால் ஊரார் ஏன் சபைக்கு எழுதாமல் கடைக்கு எழுதுகின்றனர்? அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. அனுபவம் அவர்களுக்கு அவ்வாறு கற்பித்திருக்கிறது. ஒரே லொறி ஒரே காலையில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பெருவீதி, மாகாண வீதி, பிரதேச சபையின் வீதி, தோட்ட நிருவாகத்தின் வீதி ஆகிய நான்கையும் கடந்துவிடுகிறது. முறைப்பாட்டுக் கடிதமோ முதலாவது கந்தோரிலேயே, இது எமக்குரியதன்று என்ற குறிப்புடன் திரும்பிவிடுகிறது. அதற்கு மேலாக, 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடைபெறும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தெரிவுசெய்த சபையே இருக்கவில்லை. கதவு தட்டப்படவேண்டிய வீட்டில் ஆளில்லை. கடை மட்டும் காலை முதல் இரவு வரை திறந்திருந்தது. கடையிலிருந்து பதிலும் வருகிறது. உங்கள் கருத்தைப் பெரிதும் மதிக்கிறோம், சாரதிகளுக்கு அறிவுறுத்தியுள்ளோம் என்று அழகாக அச்சிட்ட பதில். அறிவுறுத்தப்பட்ட லொறி மறுநாளும் அதே வேளைக்கு வருகிறது.

தோட்ட மக்களின் நிலை இதிலும் கீழானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்து மனிதன் வாக்களித்தான். அவன் வாக்கினால் உறுப்பினரும் தெரிவாயினர். ஆயினும் அவன் லயனுக்கு முன்னேயுள்ள குழியை நிரப்ப அச்சபையால் ஒரு கூடை கல்லைத் தானும் கொட்ட முடியவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. கம்பனிக்கு வேண்டியது கொழுந்து லொறி போகும் பாதை மட்டுமே. மலையக மக்களின் நீண்ட கோரிக்கைக்குப் பின் 2018இலேதான் சட்டம் திருத்தப்பட்டுச் சபைக்கு வழி திறந்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! சட்டப்புத்தகத்தில் திறந்த அவ்வழி வீதியில் இன்னும் போதிய அளவு திறக்கவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். அத்தகைய மகஜர் ஒன்றைத் திருத்தமான தமிழில் எழுதித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தனர். தமிழாசிரியனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதைகளுள் இதுவும் ஒன்று. மரண அறிவித்தல் முதல் மகஜர் வரை அவனிடமே வரும். கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள்: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சிறு கடை முதலாளி, என் மாணவர்களின் தந்தையர். சிங்களவரும் தமிழரும் ஒருங்கே கையொப்பமிட்டிருந்தமை கண்டு மகிழ்ந்தேன். படித்துக்கொண்டே போனால், நான்காவது பந்தியில் ஒரு வாக்கியம் இருந்தது: லொறிகள் எமது வீதியைத் தவிர்த்து, மேலேயுள்ள தோட்டப் பாதையால் செல்லுமாறு ஒழுங்குசெய்யலாம் என்பது அதன் பொருள்.

அந்தப் பாதையில் லயன்கள் இருக்கின்றன. பாதைக்கும் வாசற்படிக்கும் இடையே சில அடி தூரங்கூட இல்லை. பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பதும், பெண்கள் கூடையுடன் மலைக்கு ஏறுவதும், பீலித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நிற்பதும் அதே பாதையில்தான். தமக்கு உறக்கம் கெடுகிறது என்று எழுதியவர்கள், அங்கேயும் மனிதர் உறங்குகின்றனர் என்பதை எழுதவில்லை. மாஸ்டர், அது தோட்டத்துப் பாதைதானே என்றார் ஒருவர். அந்தத் 'தானே' என்ற ஈற்றுச் சொல்லில் இருநூறு ஆண்டுகால இலங்கை வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அவ்வாக்கியத்தை நீக்கினாலன்றி எழுதித் தரமாட்டேன் என்று கூறி அனுப்பினேன். சிலருக்கு மனவருத்தம். இருக்கட்டும்.

ஏனெனில் இது வெறும் சத்தத்தைப் பற்றிய பிரச்சினையன்று. இம்மலைகளில் வீதியின் ஓரமும் வடிகாலும் சரிவைக் காக்கும் உறுப்புகள். பாரச்சில்லு வடிகாலின் விளிம்பை நொறுக்கினால், ஓடிச்செல்ல வேண்டிய மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. நனைந்து ஊறிய மண் பாரமாகிப் பிடிப்பை இழக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, எமது ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்குட்பட்ட மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அதற்கு லொறி காரணமன்று. ஆனால் அந்த நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். எச்சரிக்கைக் கடிதம் ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தால் என்ன நேரும் என்பதற்கு எங்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைக் குலைத்துச் சென்றபின், இவ்வீதிகளின் மேல் இன்னும் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதைக் கடைக்காரரின் நேர அட்டவணை தீர்மானிக்க விடுவதா?

லொறிச் சாரதியைப் பற்றியும் ஒரு சொல். மகஜர்கள் யாவும் அவரையே திட்டுகின்றன. இரவு முழுவதும் வளைவுகளோடு போராடி, கடை திறக்குமுன் சரக்கை இறக்காவிட்டால் முதலாளியிடம் ஏச்சு வாங்கும் தொழிலாளி அவர். இலண்டன் மாநகரில் 1985 முதல் ஓர் ஒழுங்கு நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டுத் தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் இரவிலும் வார இறுதியிலும் குடியிருப்பு வீதிகளில் நினைத்தபடி செல்ல முடியாது. அனுமதி பெற்று, குறித்த பாதைகளையே பெரும்பாலும் பயன்படுத்தவேண்டும். மீறினால் சாரதிக்கு மட்டுமன்றி, லொறியை ஏவிய நிறுவனத்துக்கும் தண்டம். நிறுவனத்தின் தண்டமே கூடியது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே கடைக்காரரின் கருணைக்கு விடப்படாத விடயத்தை, நாம் ஏன் கருணை மனுவாக எழுதவேண்டும்?

மகஜர் எழுதப்படட்டும், ஆனால் அது பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் போகட்டும். பிரதி மட்டும் கடைக்குப் போகட்டும். பார எல்லையைக் குறிக்கும் பலகை தமிழிலும் சிங்களத்திலும் வீதி முகப்பில் நாட்டப்படவேண்டும் என்றும், பெரிய லொறிகள் ஏ-4 வீதியிலேயே நின்று சரக்கைச் சிறிய வண்டிகளுக்கு மாற்றவேண்டும் என்றும், அம்மாற்றத்தின் செலவைப் பேரங்காடி ஏற்கவேண்டும் என்றும், உடைந்த வடிகால்களைத் திருத்தவும் அதனிடம் பங்கு கேட்கவேண்டும் என்றும், பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் எந்தப் பார லொறியும் ஊர் வீதியிலோ தோட்டப் பாதையிலோ நுழையலாகாது என்றும் அதில் எழுதப்படட்டும். கையொப்பம் வாங்கச் செல்பவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் லயன்களுக்கும் ஏறிச் செல்லட்டும். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்தபின் சென்றால் எல்லோரும் வீட்டில் இருப்பர்.