வாரத்தில் ஒரு மாலை



படிப்பு, பயிற்சி என்று பாட்ஸ்பியோர்ட் போகிறவர்கள் ஊர் சுற்றிப் பார்ப்பது நல்லது. 1971இல் கட்டிய தேவாலயத்தின் பெரிய வண்ணக் கண்ணாடிச் சித்திரத்தைப் பாருங்கள். கப்பல் வரும் துறைமுகத்துக்கும் போங்கள். ஆனால் வாரத்தில் ஒரு மாலையை நம்மவர் ஒருவரைச் சந்திக்க ஒதுக்குங்கள் என்பதே எங்கள் கருத்து.

1980களில் மாணவராக நோர்வே வந்த ஈழத்தமிழர் பலர், பின்பு ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். குளிரில் நின்று மீன் வெட்டி, ஊரில் குடும்பங்களைத் தாங்கினார்கள். இன்று அவர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் பலர் தெற்கே போய்விட்டார்கள். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. அந்த இருட்டில் தனிமை இன்னும் பாரமாகும். தாதிகளான நாங்கள் நேரத்துக்கு மருந்து கொடுப்போம், காயத்துக்குக் கட்டுப் போடுவோம். ஆறுதலாக உட்கார்ந்து தமிழில் கதைக்க எங்களுக்கு நேரம் போதாது. உங்களால் முடியும்.

போகுமுன் போன் பண்ணுங்கள். தேத்தண்ணி தந்தால் மறுக்காதீர்கள். உங்கள் படிப்பைப் பற்றி மட்டும் சொல்லாமல், அவர்கள் வந்த கதையைக் கேளுங்கள். வீட்டை விட்டு வந்த உங்களுக்கும் தனிமை உண்டே; அந்த ஒரு மாலை இரண்டு பேருக்கும் மருந்து.