டிரோன் உறையில் விரிசல்: வருமுன் காத்தலும் வந்தபின் சீர்செய்தலும்

வீட்டுத் தொழிற்கூடம்

நம் இல்லங்களில் இளைஞர்கள் பொழுதுபோக்காகப் பயன்படுத்தும் கருவிகளுள் டிரோன் என்னும் சிறு பறக்கும் பொறியும் இன்று இடம்பெற்றுவிட்டது. நான்கு கைகளும், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டாரும், அதன்மேல் ஒரு சுழல் விசிறியும் கொண்ட இக்கருவியின் உறை பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனது. கருவி கீழே விழாமலும் எதன்மீதும் மோதாமலும் இருக்கும்போதே அவ்வுறையில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றுவதுண்டு. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த பான்டம் 3 வகையைப் பறக்கவிட்டவர்கள் பலர், கை நுனியில் மோட்டாருக்கு அருகே இத்தகைய விரிசல்களைக் கண்டதாகக் கூறியுள்ளனர். பிளாஸ்டிக் உறையுள்ள பிற வகைகளுக்கும் இது புதியதன்று. இவ்விரிசல் ஏன் உண்டாகிறது, எங்ஙனம் தடுப்பது, வந்தபின் எவ்வாறு சீர்செய்வது என்பவற்றை இம்மாதம் ஆராய்வோம்.

இதனை அற்ப விஷயமென்று ஒதுக்கிவிடலாகாது. நான்கு விசிறிகளுள் ஒன்றின் பிடிப்பு அற்றுப்போனாலும் இவ்வகைக் கருவி நிலைதடுமாறி வீழ்ந்துவிடும். மேற்கூறிய கருவியின் எடை ஏறக்குறைய 1.3 கிலோ. 30 மீட்டர் உயரத்திலிருந்து அது வீழ்ந்தால், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிடும்போது, தரையைத் தொடும் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்டும். கீழே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும், 2022 பிப்ரவரியில் இந்திய அரசு வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. உதிரிப் பாகங்களை அத்தடையில் சேர்க்கவில்லை. ஆகவே கையிலிருக்கும் பழைய கருவியைப் பேணிக் காப்பதே பல குடும்பங்களுக்கு உகந்த வழியாகும்.

விரிசலின் காரணங்கள்

முதற்காரணம் இறுக்கம். திருகாணியை அளவுக்கு மீறி முடுக்கும்போது, அது நுழைந்திருக்கும் பிளாஸ்டிக் குழல் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாவிடினும் அந்த இழுவிசை இரவும் பகலும் அங்கேயே நிற்கிறது. உலோகம் தாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக்கோ நீண்ட நாள் இழுவிசைக்கு மெல்ல மெல்ல இடங்கொடுத்து, ஒருநாள் வாய்திறந்துவிடும்.

இரண்டாவது அதிர்வு. விசிறியின் ஓரத்தில் ஒரு சிறு சிதைவு இருப்பினும், சுழலும்போது அது கையை நொடிக்குப் பன்முறை ஆட்டுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டேயிருந்தால் அது முறிவதைப் போன்றே, பன்முறை அசைந்த பிளாஸ்டிக்கும் களைப்புற்றுப் பிளக்கும்.

மூன்றாவது கூரிய மூலை. பிளவின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அவ்விடத்தில் இறுக்கம் பன்மடங்காகக் குவியும் என்பதை 1913-ஆம் ஆண்டிலேயே இங்கிலிஸ் என்னும் பொறியியல் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். 1954-இல் காமெட் என்னும் ஜெட் பயணி விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. கூட்டின் திறப்புகளின் மூலையருகே, காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கியதால் உண்டான களைப்பு விரிசலே அழிவுக்கு வித்து என ஆராய்ச்சியில் கண்டனர். பெரிய விமானத்திற்குப் பொருந்திய இவ்விதி நம் சிறு பொறிக்கும் பொருந்தும். காற்றுப் புகும் துளைகளின் ஓரம், மோட்டாரின் அடி, கை உடலோடு சேரும் இடம், தரையிறங்கும் கால் பொருந்தும் இடம் ஆகியவற்றில்தான் விரிசல் முதலில் தலைகாட்டும்.

நான்காவது, பலரும் கருதிப் பாராதது: இரசாயனப் பொருள்களின் தீண்டல். முன்பே இறுக்கத்தில் நிற்கும் பிளாஸ்டிக்கின்மேல் சில திரவங்கள் பட்டால், அவை இழைகளுக்கிடையே ஊடுருவி மிக விரைவில் விரிசலை உண்டாக்கும். பெட்ரோல், வண்ணக் கரைப்பான், நகப்பூச்சு நீக்கி ஆகியவை இவ்வகையின. திருகாணி தளராமலிருக்க இடப்படும் நீலநிறத் திரவப் பசையும் இதில் சேரும். உலோகத்தோடு உலோகம் பொருந்தும் இடத்தில் அது நன்மை செய்யும். வழிந்து பிளாஸ்டிக்கில் பட்டாலோ தீமையே விளையும்.

ஐந்தாவது வெயில். இவ்வுறைகளில் பெரிதும் பயன்படும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கில் ரப்பர்த் தன்மையுள்ள பொருளொன்று கலந்துள்ளது. அதன் உறுதிக்கு அதுவே காரணம். வெயிலின் புற ஊதாக் கதிர் அப்பொருளைக் கெடுத்துவிடும். வெண்மையான உறை மஞ்சளித்துப் போவது முதுமையின் அடையாளம். அத்தகைய உறை எளிதில் நொறுங்கும். கோடையில் 45 பாகை வரை வெப்பமும் குளிர்காலத்தில் கடுங்குளிரும் காணும் தில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் வாழ்வோர் இதில் மிகுந்த கருத்துடன் இருத்தல் நலம்.

வருமுன் காத்தல்

திருகாணியைக் கழற்றி மீண்டும் இடும்போது உடனே வலப்புறம் முடுக்கலாகாது. முதலில் திருப்புளியை மெதுவாக இடப்புறம் திருப்புக. பழைய மரையில் திருகாணி சிறிது கீழிறங்கி விழுவதைக் கை உணரும். அதன்பின் வலப்புறம் திருப்பினால் பழைய தடத்திலேயே செல்லும். புதுத் தடம் வெட்டிக் குழலைப் பிளக்காது. தலை படிந்ததும் நிறுத்திக்கொள்க. மின்சாரத் திருப்புளி இவ்வேலைக்கு வேண்டா.

மோட்டாரைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு அடியில் மெல்லிய அலுமினியத் தகடோ வளையமோ வைத்தால் சுமை ஒரே புள்ளியில் நில்லாது பரவும். தகடு வைப்பதற்காக நீளமான திருகாணியைத் தேர்ந்தெடுக்கையில் எச்சரிக்கை தேவை. அளவுக்கு மிஞ்சி நீண்டால் அது மோட்டாரின் உட்சுருளைத் தொட்டு மின்குறுக்கை உண்டாக்கும்.

ஓரம் சிதைந்த விசிறியை ஒட்டியும் தேய்த்தும் பயன்படுத்தாமல் மாற்றிவிடுக. உறையைத் துடைக்கச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். வெயிலில் பூட்டிய காரில் கருவியை வைத்துச் செல்லுதல் கூடாது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போதும், மாற்றலாகி வீடு மாறும்போதும், துணிமூட்டைகளுக்கிடையே அதைத் திணிக்காமல், கைகளின்மீது பளு ஏறாதவாறு தனிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

பத்துப் பறத்தலுக்கு ஒருமுறையாவது சோதனை செய்தல் நன்று. முதலில் மின்கலத்தையும் விசிறிகளையும் கழற்றிவிட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு கையையும் சாய்த்துப் பார்க்க, விரிசல் ஒரு கோடாக மின்னும். நகத்தால் வருடினால் கீறலுக்கும் விரிசலுக்கும் வேற்றுமை தெரியும். மேலுறையைத் திறக்க நேர்ந்தால், உட்புறமிருந்து கைவிளக்கைக் காட்டினால் மெல்லிய பிளவும் புலப்படும். பிளவு முடியுமிடத்தில் பென்சிலால் குறியிட்டுத் தேதியும் எழுதிவைக்க. அடுத்த சோதனையில் அது வளர்ந்ததா என்பதை ஐயமின்றி அறியலாம். முளையிலே கிள்ளாவிடில் முற்றியபின் கோடரி வேண்டும் என்பது இங்கு முற்றிலும் பொருந்தும்.

சீர்செய்யும் முறை

முதலில் பிளாஸ்டிக்கின் இனத்தை அறிய வேண்டும். உறையின் உட்புறத்தில் ஏ.பி.எஸ். என்றோ, பி.சி. என்றோ, இரண்டும் சேர்ந்தோ எழுத்துக்கள் பதிக்கப்பட்டிருக்கலாம். பி.சி. என்பது பாலிகார்பனேட். அதன்மேல் அசிடோன் பட்டால் வெளுத்து நுண்விரிசல் காணும்; ஆகவே அதற்கு அசிடோன் உதவாது. எழுத்து இல்லையெனில் அசிடோனைத் தொடாமல் பின்னர்க் கூறப்படும் இரண்டாம் முறையையே கைக்கொள்க.

எம்முறையாயினும் தொடக்கம் ஒன்றே. உள்ளிருக்கும் கம்பிகளையும் மின்பலகையையும் அகற்றிவிட்டு, பிளவின் முனையில் 1 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளையைக் கையால் சுழற்றும் துளைப்பானைக் கொண்டு இடுக. கூரிய முனை வட்டமாகிவிடுவதால் இறுக்கத்தின் குவிவு குறைந்து, பிளவு மேலும் ஓடுவது தடைப்படும். துளை பிளவின் மெய்யான முனையில் அமைவது இன்றியமையாதது; முனைக்கு முன்னரே இட்டால் பயனில்லை.

முதல் முறை ஏ.பி.எஸ். உறைக்கு உரியது. உடைந்த ஏ.பி.எஸ். துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிடோன் ஊற்றி மூடி ஓரிரவு வைத்தால் கூழாகும். இக்கூழைப் பிளவின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாகப் பூசினால், உறையின் மேற்பரப்பு இளகி அதனோடு ஒன்றாகிவிடும். தடித்துப் பூசினால் கரைப்பான் உள்ளே தங்கி உறையை வலுவிழக்கச் செய்யும். ஒரு நாள் முழுவதும் உலரவிடுக. அசிடோன் விரைவில் தீப்பற்றும் பொருள். அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் அறையில் இவ்வேலை ஆகாது. சாளரங்களைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்க.

இரண்டாம் முறை இரு குழாய்களில் வரும் எப்பாக்ஸிப் பசையைக் கொண்டது. பிளவைச் சுற்றி உட்புறத்தை 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்துக. இரு பகுதிகளையும் உறையில் குறிப்பிட்ட அளவில் கலந்து, பிளவின்மேல் பூசி, அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை ஒட்டி, மேலும் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். துணி பிளவின் இருபுறமும் ஒவ்வொரு விரற்கடை பரவியிருத்தல் நலம். மெதுவாக இறுகும் வகையே இதற்கு ஏற்றது. 24 மணி நேரம் அசையாது வைக்க.

நொடியில் ஒட்டும் பசையையே பலர் முதலில் நாடுவர். அது மயிரிழைப் பிளவுக்குள் தானே ஊறிச் செல்லும் என்பது உண்மையே. ஆனால் இறுகியபின் கண்ணாடியைப் போன்று வளையாத் தன்மை பெறுவதால், அதிரும் கைக்கு அது மட்டும் போதாது. உட்புறத்தில் துணிப்பட்டை கொடுப்பதே காவல்.

எப்போது கைவிட வேண்டும்?

பிளவு கையின் சுற்றளவில் பாதியைக் கடந்தாலும், கை உடலோடு சேருமிடத்தில் பிளந்தாலும், மோட்டாரின் திருகாணிக் குழல்கள் இரண்டு உடைந்தாலும், உறை முழுவதும் மஞ்சளித்து நொறுங்கினாலும் பழுதுபார்ப்பதை விடுத்துப் புது உறையை வாங்குவதே தக்கது. ஒட்டிய உறைக்காக அண்டை வீட்டார் தலையைப் பணயம் வைத்தல் முறையன்று.

சீர்செய்தபின் முதற்சோதனையை ஆளரவமற்ற மைதானத்தில், புல்தரையின்மேல், இடுப்பளவு உயரத்தில் 2 நிமிடம் நிறுத்திப் பார்த்து, இறக்கி மீண்டும் பிளவைச் சோதிக்க. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ளவை மைக்ரோ வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பதிவு செய்திருத்தல் வேண்டும். விமான நிலையங்களை ஒட்டிய பகுதிகள் தடைக்கும் கட்டுப்பாட்டிற்கும் உட்பட்டவையாதலால், பறக்கவிடும் இடம் பச்சை மண்டலத்தில் உள்ளதா என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்த்துக்கொள்க.

ஒரு திருப்புளி, ஒரு கைவிளக்கு, ஒரு பென்சில் ஆகிய மூன்றும் கருவியின் பெட்டியிலேயே எப்போதும் இருக்கட்டும். மாதம் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கிப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். பறக்கவிடும் உரிமையோடு பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர்களைச் சேர்ந்ததே.