அயர்லாந்தும் ஆண்டிப்பட்டிக் கணவாயும்

சுயாட்சி, சுயராஜ்யம் என்று எவர் வாய் திறந்தாலும், “யாருக்குச் சுயம்? யார்மீது ஆட்சி?” என்று கேட்பதே நமது வழக்கம். இப்படிக் கேட்பதற்காக நம்மைத் தேசத்துரோகி என்பாரும் உண்டு. அவர்கள் அயர்லாந்தின் கதையைச் சற்றுப் பார்க்கட்டும்.

1912 இல் அயர்லாந்துக்கு உள்நாட்டு ஆட்சி தரும் மசோதா லண்டன் பார்லிமெண்டுக்கு வந்தது. வடக்கே அல்ஸ்டரிலிருந்த புராட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் உள்ள சபைக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்றார்கள். ஆணும் பெண்ணுமாக லட்சக்கணக்கானவர் கையெழுத்திட்டார்கள். 1914 இல் லார்ன் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைத் திருட்டுத்தனமாய் இறக்கினார்கள். கார்சன் முதலிய தலைவர்கள் சட்டத்தை மீறுவோமென்று பகிரங்கமாய்ப் பேசியும், பிரதம மந்திரி ஆஸ்குவித் அவர்கள்மேல் கைவைக்கத் துணியவில்லை. சட்டம் நிறைவேறியும் யுத்தத்தைச் சாக்கிட்டுக் கிடப்பில் போடப்பட்டது. 1921 இல் தேசமே இரண்டாயிற்று.

“பிறன் எங்களை ஆளக்கூடாது” என்று கூவியவர்கள், தங்கள் கைக்கு அதிகாரம் வந்ததும் செய்ததென்ன? கத்தோலிக்கர் அதிகமாயிருந்த டெர்ரி நகரத்திலேயே தங்கள் கட்சி ஆளும்படி வார்டு எல்லைகளை வகுத்துக் கொண்டார்கள். 1968 இல் சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்தவர்களுக்குப் போலீஸ் தடியடியே பதிலாயிற்று.

நிற்க, அயர்லாந்து தூரமென்று நினைக்க வேண்டாம். தேனியிலிருந்து ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் அக்கிரமத்தால், பிறந்த குற்றத்துக்காகப் பிறமலைக் கள்ளர்கள் கைரேகை வைத்து, இரவில் காவலுக்குட்பட்டுப் படுத்துக் கிடந்த பூமி அது. 1920 ஏப்ரல் 3 ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1947 இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. பிறப்பினால் மனிதனை இழிவுபடுத்துவது எவ்வளவு கொடுமை என்பதை அந்த மண்ணைவிட நன்றாய் அறிந்த மண் எது?

அப்படியிருந்தும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துக்களின் தலைவர் பதவி ஆதித்திராவிடருக்கு ஒதுக்கப்பட்டபோது, ஆதிக்க ஜாதியார் 1996 முதல் பத்து வருஷம் அதைச் செல்லுபடியாக விடவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆளில்லாமற் செய்தார்கள். ஜெயித்தவரை உடனே ராஜிநாமா செய்ய வைத்தார்கள். கேட்டால் ஊர்க்கட்டுப்பாடு, வழக்கம் என்றார்கள். கைரேகை வாங்கிய வெள்ளைக்காரனும் வழக்கமென்றுதானே சொல்லியிருப்பான்?

இதில் தலைவர்கள் என்பவர்களின் யோக்கியதை என்ன? மேடையில் சமத்துவம் பேசியவர்கள் ஓட்டுக் கணக்குப் பார்த்து வாய்மூடினார்கள். 2006 இல் சர்க்கார் உறுதி காட்டியதும் தேர்தல் நடந்துவிட்டது! அப்படியானால் பத்து வருஷம் குறைவாயிருந்தது சட்டமா, துணிவா?

தேர்தல் நடந்தால் மட்டும் போதுமா? 2020 இல் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்ற உறுப்பினர்கள் பலருக்கோ நாற்காலி!

ஆகவே, கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்களே! அடுத்த கிராமசபைக்குப் போங்கள். உங்கள் ஊர்த் தலைவர் எங்கே உட்காருகிறார், கையெழுத்தை யார் போடுகிறார், முடிவை யார் செய்கிறார் என்று பாருங்கள். கோளாறு கண்டால் எழுந்து கேளுங்கள். அந்த நாற்காலி காலியாயிருக்கும் வரையில் டெல்லியிலும் சென்னையிலும் பேசப்படும் சுயாட்சியெல்லாம் வெறும் பேச்சென்றே சொல்லுவோம்.